மிலிட்டரி சார் படத்திறப்புக்குப் போனோம்

நவம்பர் 12, மேட்டுப்பாளையம் – கோத்தகிரி

பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, இன்றைக்கு மலை ரயில் கிடையாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். ரயிலில் குன்னூர் போய், அங்கிருந்து கோத்தகிரிக்கு பஸ் பிடிக்கலாம் என்று மகள் ஆசையாகத் திட்டம் போட்டு வைத்திருந்தாள். முகம் வாடிவிட்டது. அவளைச் சமாதானப்படுத்தி, நேராகக் கோத்தகிரி பஸ்ஸில் ஏறினோம். 33 கிலோமீட்டர்தான். வழக்கமாக ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும் பஸ், இன்றைக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது.

குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் ஓர் அம்மா பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு பையாகப் பார்த்தார். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. முன் சீட்டுப் பையன்கள் கீழே வாங்கிய பாட்டில்களைக் கொடுக்க மனசில்லாமல் அங்கேயே மடக் மடக்கென்று குடித்துத் தீர்த்தார்கள். அவர்கள் குடித்து முடிக்கும்வரை அந்த அம்மா பொறுமையாக நின்றார். காலி பாட்டிலை வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு, "மேல தண்ணி கிடைக்கும் தம்பி, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஒரு கடுமையான சொல் இல்லை.

அதற்கு மேலே ஏழெட்டு வளைவு தாண்டியதும் ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. வண்டியை ஆஃப் செய்துவிட்டு டிரைவர் பீடி பற்ற வைத்துவிட்டார். மழை விடவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் வேகவைத்த நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, முதலில் என் மகளிடம் நீட்டினார். தலையில் மஃப்ளர், கோட்டு, கையில் நீளக் குடை. படகர் ஊர்க்காரர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு படத்திறப்பு என்றேன்.

"மிலிட்டரி வாத்தியாரா?"

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வெளியே சாரை யாருக்குத் தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"என் தோட்டத்துல உருளைக்கிழங்கு எடுத்துட்டு இருந்தோம். கூலிக்கு வந்த அம்மாவோட ஒரு பையனும் பொறுக்கிட்டு இருந்தான். மத்தியானம் இவர் வந்தாரு. சேத்துல இறங்கி அந்தப் பையன் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு அன்னைக்கு ரொம்பக் கோபம். சாயங்காலம் அவரே வந்தாரு. 'அவன் பொறுக்க வேண்டியதை நான் பொறுக்கிக் குடுத்துட்டுப் போறேன்'னு சொல்லி, இருட்டுற வரைக்கும் குனிஞ்சு பொறுக்கினாரு."

அந்தப் பையன் இப்போது ஈரோட்டில் அரசு வேலையில் இருக்கிறாராம். தீபாவளிக்கு வந்தால் இவர் வீட்டில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் வைக்காமல் போவதில்லையாம்.

யார் இந்த மிலிட்டரி சார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவர். போன வருடம் 82 வயதில் காலமானார். பெயர் போட வேண்டாம் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. போட்டாலும் எங்கள் ஆட்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் மிலிட்டரி சார்தான்.

மரத்தை அறுத்து வழிவிட்டபோது மணி இரண்டு. கோத்தகிரியில் அறை 1,200 ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் டீ 15 ரூபாய், சூடான வர்க்கி தனி. மகள் வர்க்கியை டீயில் முக்கித் தின்றுகொண்டே, ரயில் போன துக்கத்தை மறந்துவிட்டாள்.

நவம்பர் 13, லயம்

காலையில் ஆட்டோ பிடித்து டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புக்குப் போனோம். 250 ரூபாய். நாங்கள் இருந்த வீட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்ததும், என்ன ஏது என்று கேட்காமலே அந்தப் பெண் உள்ளே கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வருகிறது. "இங்க பொறந்தேன்" என்று நான் தரையைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே தன் கைக்குழந்தையைக் காட்டி, "இவனும்" என்றாள்.

இந்தக் குடியிருப்பின் கதை வெளியில் பலருக்குத் தெரியாது. 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் பல தலைமுறையாகத் தேயிலை பறித்த எங்கள் ஜனங்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. எங்களில் யாரையும் கேட்டு எழுதியதில்லை. என் அப்பா அம்மா 1975-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் சில வாரம் இருந்துவிட்டு, இங்கே அனுப்பப்பட்டார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இந்தத் தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு குடும்ப அட்டை. அதே லயம், அதே கொழுந்துக் கூடை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் அதே பிரட்டுக் களம்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. தெரிந்ததும், "ரொட்டி தட்டட்டுமா?" என்பதுதான் முதல் பேச்சு. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையிலேயே தட்டிக் கல்லில் போட்டார். அம்மியில் காய்ந்த மிளகாயை நசுக்கி, சின்ன வெங்காயம், துருவிய தேங்காய் சேர்த்துச் சம்பல். கடைசியில் எலுமிச்சையைப் பிழிந்து விரலாலேயே பிசைந்தார். ரொட்டியின் ஓரம் கருகி மொறுமொறுவென்று இருந்தது, நடுவில் தேங்காய்ப் பால் ஊறி மெத்தென்று இருந்தது. கூடவே பால் போடாத பிளேன் டீ. ஒரு வாய் எடுத்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பெரியம்மா மிளகாய்க் காரம் என்று நினைத்துச் சீனி எடுத்துக் கொடுத்தார்.

பேச்சு சாரிடம்தான் போனது. அவர் இங்கே வேலைக்கு வந்தது 1981-ல். அது ஈராசிரியர் பள்ளி. தகரக் கூரை, மழை வந்தால் பாடம் நடத்துவது காதில் விழாது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பெயர் கூப்பிடுவார். காலையில் இருந்த பிள்ளை மத்தியானம் இல்லை என்றால் உடனே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முக்கால்வாசி நாள் பெண் பிள்ளைகள்தான் காணாமல் போவார்கள். தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) இருந்தாலும், ஆயா வராத நாளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண்ணின் வேலை. சார் அம்மாக்களோடு சண்டைக்குப் போகவில்லை. "குழந்தையையும் தூக்கிட்டு வா" என்றார். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பழைய சேலையில் தொட்டில் கட்டினார். ஒரு சமயம் மூன்று தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் தம்பி அதில் ஒன்றில் தூங்கியவன்.

1982 ஜூலை 1-ந் தேதி சத்துணவு தொடங்கியபோது நான் ஒன்றாம் வகுப்பு. சாதம், சாம்பார். சாரும் எங்களோடு தரையில் உட்கார்ந்து, எங்களைப் போலவே அலுமினியத் தட்டில் சாப்பிட்டார். கடைசிப் பிள்ளைக்குப் போட்ட பிறகுதான் அவர் தட்டு நகரும்.

பெரியம்மா சொன்ன இன்னொன்று, என் அம்மா எனக்கு ஆயிரம் தடவை சொன்னது. கப்பலில் வந்தவர்களுக்கும், வந்து பிறந்தவர்களுக்கும் முக்கால்வாசிப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டு வேலையை முடிப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். என் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் ஒரே தேதியில் பிறந்தவர்களாக இருப்பது அதனால்தான். சார் அப்படி எழுதமாட்டேன் என்றுவிட்டார். அம்மாவை வராந்தாவில் உட்கார வைத்துக் கேட்டாராம்: கப்பல்ல வந்து எத்தனாவது தீபாவளி? முன்னாடியா பின்னாடியா? அன்னைக்குக் கொழுந்து அதிகமா, கவாத்து நேரமா? சம்பளம் போட்டாங்களா? யார் பிரசவம் பார்த்தாங்க? இவ்வளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய்ப் பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினார். பெரியம்மாவின் மூத்த மகனுக்கு அந்த நோட்டிலும் எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவச்சியைத் தேடிக் குன்னூர் வரைக்கும் போனாராம்.

"நம்ம பொறப்பை யாரு அப்படித் தேடுனது?" என்றார் பெரியம்மா.

திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. வளைவு திரும்பியதும் பத்தடி தூரத்தில் தேயிலைச் செடிக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை ரோட்டுக்கு ஏறி நின்றது. ஈரத்தில் உடம்பு பளபளக்க, காலில் வெள்ளை முழங்கால் உறை போட்ட மாதிரி. ஆட்டோக்காரர் லைட்டை அணைத்துவிட்டு, "பேசாம உக்காருங்க அக்கா" என்றார். கால் மணி நேரம் கழித்து அதுவாகப் போனது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இந்த வழியில் கரடியும் வரும் என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடக்கிற வழி இதுதான்.

நவம்பர் 14, பள்ளிக்கூடம்

படத்திறப்பு பத்து மணிக்கு. ஐம்பது பேர் வருவார்கள் என்று நினைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். மழையில் குடை பிடித்துக்கொண்டு தாழ்வாரம், வாசல், கொடிக்கம்பம் வரை ஆள் நின்றது. திருப்பூர், கோவை, சென்னை, ஒருவர் துபாயிலிருந்து. பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, வெள்ளைத் தலைப்பாகையும் வெள்ளைப் போர்வையுமாகப் பெரியவர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நேற்று முன்தினம் கடலை கொடுத்தவரும் அவர்களில் ஒருவர். என் மகளைப் பார்த்துக் கையசைத்தார்.

பேச்சுகள் நீளமாகத்தான் இருந்தன, அதை விடுகிறேன். எனக்கு முக்கியமான இரண்டு விஷயம் மேடையில் நடக்கவில்லை.

ஒன்று, தலைமையாசிரியை மேடம் பீரோவைத் திறந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டினார். 1982. நீலக் கறுப்பு மையில் சாரின் எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, அளவெடுத்து நட்டது போல நின்றது. என் பெயருக்கு நேரே பிறந்த தேதி, அதற்குப் பக்கத்தில் மிகச் சின்னதாக, "தாய் சொன்னது, ஆஸ்பத்திரிப் பதிவோடு சரி." இந்தத் தேதிதான் என் மார்க் ஷீட்டில், ரேஷன் கார்டில், ஆதாரில் இருக்கிறது. நாலைந்து பெயர்களுக்கு நேரே அந்தக் குறிப்பு கொஞ்சம் மாறி இருந்தது: "தாய் சொன்னது மட்டும்." மேடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களை விட்டுவிட்டு டீ சொல்லப் போனார்.

இரண்டாவது, சாரின் வீட்டில். மத்தியானச் சாப்பாடு அங்கேதான். சாதம், அவரைக்காயும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, கேரட் பொரியல், பாயசம். சாருக்குச் சொந்த ஊர் வேலூர் பக்கம். 1962-ல் சீன யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்துக்கு நிறைய ஆள் எடுத்தபோது சேர்ந்தவர். மெட்ராஸ் ரெஜிமென்ட். பயிற்சி வெலிங்டனில். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் பெண்ணைத்தான் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படித்தான் வேலூர் வெயில்காரர் மலைக்காரர் ஆனார்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா, சாரின் மகள், ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே கட்டுக் கட்டாக நீல இன்லண்ட் கடிதங்கள். அனுப்பியவர் முகவரியில் 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) என்று மட்டும் இருக்கிறது, ஊர் கிடையாது. 1971 டிசம்பர் 20 தேதியிட்ட ஒன்றைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். நாலு வரிதான்.

"நான் சுகமாக இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம். குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டதா? சமையலறைக் கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தகரம் போட்டாயா? போடவில்லை என்றால் நான் வந்து போடுகிறேன்."

பாகிஸ்தானோடு நடந்த யுத்தம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது. அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

அக்கா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வந்த கடிதங்களில், அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றைப் படித்துக் காட்டினார். ஒரு கம்பெனியில் 3 பிளாட்டூன், ஒரு பிளாட்டூனில் 3 செக்‌ஷன், ஒரு செக்‌ஷனில் 10 பேர், அதில் 2 பேர் லீவில் ஊருக்குப் போய்விட்டார்கள், மீதி எத்தனை பேர்? பக்கத்தில் பென்சிலில் 88 என்று குழந்தை எழுத்து. விடையைப் பதில் கடிதத்தில் எழுதி அனுப்ப வேண்டுமாம். தப்பாக இருந்தால் அடுத்த கடிதத்தில் திட்டு இருக்காது, அதே மாதிரி இன்னொரு கணக்கு, கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

"லீவுல ஒரு மாசம் வருவாரு. மத்தபடி எனக்கு அப்பான்னா இந்தக் கணக்குதான். பதினஞ்சு வருஷ சர்வீஸ் முடிச்சு வந்ததும் தாத்தா அவரை ஃபேக்டரியில சேரச் சொன்னாரு. வாத்தியார் டிரெயினிங் போறேன்னு கிளம்பிட்டாரு. அவர் முதல்ல பாடம் எடுத்தது எனக்குத்தான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்றார் அக்கா.

2001-ல் சார் ரிட்டயர் ஆனார். 2010-ல் அவர் மனைவிக்கு, அதாவது அக்காவின் அம்மாவுக்கு, பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆள் வைக்கலாம் என்று மகன் சொன்னபோது சார் ஒத்துக்கொள்ளவில்லையாம். "பதினஞ்சு வருஷம் இந்த வீட்டுல அவ எனக்காகக் காத்திருந்தா. இப்போ என் டூட்டி." சமையல் செய்தார், குளிப்பாட்டினார், வெயில் வந்த அரை மணி நேரத்துக்கு நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டு உட்கார வைத்தார். தலை பின்னத் தெரியாமல் முதலில் கொண்டை மட்டும் போட்டுவிட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பின்னல்தான் பிடிக்கும் என்பதால், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு கயிற்றில் மூன்று பிரி எடுத்துப் பின்னிப் பழகியிருக்கிறார். அம்மா போனது மூன்று வருடம் முன்பு. அதுவரைக்கும் தினமும் இரட்டைப் பின்னல், கனகாம்பரம் கிடைத்தால் கனகாம்பரம்.

எங்களைப் பிரம்பு இல்லாமலே நடுங்க வைத்த மனிதர். நிமிர்ந்த நடை, கத்தி மாதிரி மீசை. அவர் உட்கார்ந்து தலை பின்னுவதை நான் ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம் என்று இருந்தது.

நவம்பர் 15, வெலிங்டன்

படத்திறப்புக்கு வேலூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். சாரோடு ஒரே பட்டாலியன், 16 மெட்ராஸ். சுபேதாராக ரிட்டயர் ஆனவர். எண்பதைத் தாண்டிவிட்டார், இன்னும் ஷூ பளபளக்கிறது. திரும்பிப் போவதற்கு முன் வெலிங்டனைப் பார்க்க வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டார். அவர் பேரன் காரில் சாரின் மகன், நான், மகள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

மழை விட்டு, நீலகிரியில் எப்போதாவது கிடைக்கிற கழுவிவிட்ட வெயில். குன்னூரில் டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் நின்றோம். சனிக்கிழமைக் கூட்டம். மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் வெலிங்டனில்தான் இருக்கிறது. இந்தியத் தரைப்படையின் காலாட்படை ரெஜிமென்டுகளில் மிகப் பழையது, 1758-ல் தொடங்கியது. தொப்பிச் சின்னத்தில் இருக்கிற யானை, 1803 அசாயே போரின் நினைவு. ரெஜிமென்ட் ஜவான்களைப் பட்டாளம் முழுக்கத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்களாம். பெரியவர் இதையெல்லாம் என் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே போன் கேமராவை எடுக்க வேண்டாம் என்று கேட்டில் மரியாதையாகச் சொன்னார்கள். வாசலில் நின்ற இளம் சிப்பாய், பெரியவர் எந்தப் பட்டாலியன் என்று கேட்டதும் விறைத்து நின்று "ராம் ராம் சாப்" என்றார். பெரியவர் அப்படியே பத்து வயது குறைந்துவிட்டார்.

போர் நினைவிடத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு நாங்கள் யாரும் கேட்காமலே சொன்னார். 1971, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதி, பசந்தர் ஆறு. டிசம்பர் 15 ராத்திரி கண்ணிவெடி வயலைத் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ப் பிடிக்க வேண்டும். மறுநாள் அங்கேதான் பூனா ஹார்ஸ் டாங்கி அதிகாரி அருண் கேத்ரபால் இருபத்தோரு வயதில் உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்கரம் வாங்கினார். 16 மெட்ராஸின் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வி.பி. கய் இறந்ததும் அந்தச் சண்டையில்தான், அவருக்கு மகாவீர் சக்கரம்.

"உங்க சார் அப்போ நாயக். செக்‌ஷன் கமாண்டர். பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போனாரு. விடிஞ்சதும் எண்ணிப் பாத்தாரு, ஆறு பேர்தான். மறுபடி எண்ணினாரு. நாலு பேர் எங்கேன்னு ஒவ்வொரு பங்கரா போய்க் கேட்டாரு, ஷெல் விழுந்துட்டே இருக்கு. ரெண்டு பேரைக் காயத்தோட பின்னாடி அனுப்பிட்டாங்கன்னு மத்தியானம்தான் தெரிஞ்சுது. மத்த ரெண்டு பேர்..." கையை மட்டும் அசைத்தார். "அது தெரியற வரைக்கும் தண்ணி கூடக் குடிக்கல."

அந்த இரண்டு பேரின் வீட்டுக்கும் சார் ஒவ்வொரு லீவிலும் போய் வந்திருக்கிறார். ஒரு வீடு தர்மபுரி பக்கம், இன்னொன்று நாகர்கோவில் பக்கம். பணி முடிந்து வந்த பிறகும் போயிருக்கிறார். சாரின் மகனுக்கு இது தெரியாது. வருடத்துக்கு ஒரு தடவை அப்பா தனியாக எங்கோ போய் வருவார், சிநேகிதரைப் பார்க்க என்று சொல்வார், அவ்வளவுதான் தெரியும் என்றார். காரில் ஏறிய பிறகு அவர் பேசவே இல்லை.

காலையும் மத்தியானமும் பெயர் கூப்பிட்டதும், ஒரு பிள்ளை குறைந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு இறங்கியதும் எனக்கு வழியெல்லாம் மனதில் ஓடியது. எங்களிடம் அவர் யுத்தக் கதை ஒன்று கூடச் சொன்னதில்லை. "சார், துப்பாக்கி சுட்டீங்களா?" என்று ஒரு பையன் கேட்டதற்கு, "வாய்ப்பாடு பதினாறு சொல்லு" என்றார்.

குன்னூரில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, ஆளுக்கு 120 ரூபாய். ரசம் அருமையாக இருந்தது. சாரின் மகன் அங்கேதான் மறுபடி வாய் திறந்தார். 1971 யுத்தத்தின்போது தரைப்படைத் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா 2008 ஜூனில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார், ஊட்டியில்தான் அடக்கம். அப்பா காலையிலேயே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ரோட்டோரம் நின்றாராம். அவர் மெடலைக் குத்திப் பார்த்தது தன் கல்யாணத்திலும் அன்றைக்கும்தான் என்றார் மகன்.

நவம்பர் 16, இறங்குகிறோம்

காலையில் மறுபடி மழை. பஸ்ஸுக்கு முன்னால் மார்க்கெட்டில் கேரட், பட்டாணி வாங்கினோம். கேரட் கிலோ 60, தழையோடு. வர்க்கி அரைக் கிலோ வாங்கப் போனால் கடைக்காரர் மழையில் நமுத்துப்போகும் என்று இரண்டு உறை போட்டுக் கட்டிக் கொடுத்தார். ரயில் இன்னும் ஓடவில்லை. மகள் அதைக் கேட்கவே இல்லை, பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டாள்.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. திருப்பூர் வீட்டுக்கு வந்ததும் பதிவேட்டின் படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி, தன் பெயர் இருக்கிற வரியை விரலால் தடவினார். "தாய் சொன்னதுன்னு எழுதியிருக்காரே" என்றார். அப்புறம் அடுத்தடுத்த பெயர்களைப் படித்து, இவன் எங்கே இருக்கான், அவளுக்கு எத்தனை பிள்ளை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத மூன்று பேருக்கு இப்போதே போன் போட்டுக் கேள் என்றார்.

ஒரு விஷயம் பாக்கி. பள்ளியில் இப்போது பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான். பாதிப் பேர் ஜார்க்கண்ட் குடும்பத்துப் பிள்ளைகள். காட்டெருமை, கரடி பயத்தில் மழைக்காலத்தில் வருகை பாதியாகிவிடுகிறது என்று மேடம் சொன்னார். படத்திறப்பு அன்றைக்கே பழைய மாணவர்கள் உட்கார்ந்து பேசி, லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் காலையும் மாலையும் ஓர் ஆட்டோ ஏற்பாடு செய்திருக்கிறோம். மாதம் 7,000 ரூபாய். எங்களைக் காட்டெருமைக்கு முன்னால் லைட்டை அணைத்துக் காப்பாற்றினாரே, அதே ஆட்டோக்காரர்தான். நாளைக் காலையிலிருந்து ஓடுகிறது. ஜனவரி வரைக்கும் பணம் சேர்ந்துவிட்டது, ஏப்ரல் வரைக்கும் இன்னும் வேண்டும். எங்கள் செட்டில் யாரெல்லாம் இதைப் படிக்கிறீர்களோ, அக்காவைக் கூப்பிடுங்கள். எண் உங்களிடம் இருக்கும்.